சிப் வராத ஒன்பது நாட்கள்

வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு தையல் தொழிற்சாலைக்கு ஆறு வருடம் வேலைக்குப் போனேன். ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிப்பது என் வேலை. நாங்கள் தைத்தது குளிர்நாட்டவர்களுக்கான ஜாக்கெட். துணி ஒரு நாட்டிலிருந்து வரும், நூல் இன்னொரு நாட்டிலிருந்து. எங்களுடையது தையலும் வியர்வையும்தான். கடைசியில் 'இலங்கைத் தயாரிப்பு' என்று நான் பெருமையோடு தட்டச்சு செய்வேன்.

ஒருமுறை ஜாக்கெட்டை இழுத்துப் பூட்டும் சிப் வரவில்லை. ஜாக்கெட் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சொன்ன ஹொங்கொங் களஞ்சியத்திலிருந்துதான் சிப் எடுக்கவேண்டும். வழியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் நெரிசலாம். மேல்மாடி ஜன்னலால் பார்த்தால் எங்கள் கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். நாங்கள் காத்திருந்த கப்பலை மட்டும் காணவில்லை. பெண்பிள்ளைகள் துடைத்த மெஷின்களையே திரும்பத் துடைத்தார்கள். இலக்கை எட்டினால்தான் ஊக்கப்பணம். அந்த மாதம் அது கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த ஓர் அக்கா. சும்மா இருக்கத் தெரியாதவர். ஐந்தாம் நாள் மதியம் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் ஒரு சிப் வாங்கி வந்து, ஒரு ஜாக்கெட்டில் தைத்து, மனேஜரின் மேசைக்கு முன்னால் நின்று ஐம்பது தரம் இழுத்துக் காட்டினார்.

"சிப் நல்லாத்தான் இருக்கு," என்றார் மனேஜர். "ஆனா கம்பெனி தந்த லிஸ்ட்டில இல்லையே."

என்றாலும் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார். எங்கள் ஆர்வத்துக்கு நன்றி சொல்லி, களஞ்சியத்து சிப்பையே பாவிக்கும்படி பதில் வந்தது.

ஒன்பதாம் நாள், எங்கள் செலவிலேயே, சிப் விமானத்தில் வந்து இறங்கியது. பெட்டியை உடைத்த அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பேப்பர் எல்லாம் பார்க்கிறது நீங்கதானே. இத வாசிங்க."

உள்ளே ஒட்டியிருந்த துண்டை வாசித்தேன். "இலங்கையில செய்தது எண்டு போட்டிருக்கு, அக்கா."

"எந்த இலங்கை?"

கீழே விலாசமும் இருந்தது. எங்களிடமிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்தான். அங்கே செய்த சிப் ஹொங்கொங் போய், களஞ்சியத்தில் படுத்திருந்து, விமானம் ஏறி எங்களிடம் வந்திருக்கிறது. அக்கா முதலில் சிரித்தார். பிறகு மெஷின்களுக்கு முன்னால் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அங்கிருந்து நேரடியாக எடுக்கலாமா என்று மனேஜர் எழுதிக் கேட்டார். இரண்டு கிழமை கழித்துப் பதில் வந்தது: அந்தத் தொழிற்சாலையின் பெயர் லிஸ்ட்டில் இல்லை.

அடுத்த மாதமே அக்கா விலகி, அந்த சிப் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். "இனி யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்ல," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மூன்று மாதம் போயிருக்கும், ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்கே எனக்கு கோல் எடுத்தார்.

"என்னக்கா, வேலை இல்லையா?"

"இருக்கு. சிப் செய்யிற பிளாஸ்டிக் இன்னும் கப்பல்ல இருக்காம்."

எப்போது வரும் என்று கேட்டேன். யாருக்கும் தெரியாதாம். இந்த முறை அவர் புறக்கோட்டைக்கு ஓடவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் தலை பின்னக் கொடுத்துக்கொண்டு பேசுவதாகச் சொன்னார்.