பாலசந்திரன் அழித்த வியாழன்கள்

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் சமண வீட்டில் ஆறு மணிக்கு மேல் வாய்க்கு வேலையில்லை. திண்டிவனத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையின் மண்டியை மகனிடம் விட்ட பாலசந்திரன், அந்த நீண்ட மாலைகளை நிரப்ப ஒரு டெலஸ்கோப் வாங்கினார். மற்ற ஆண்கள் சீட்டாடுகிறார்கள். அவர்களால் வீட்டுக்கு இவ்வளவு தொல்லை இல்லை.

வியாழனும் அதன் நான்கு பெரிய நிலாக்களும் ஒரே படத்தில் தெளிவாக விழவேண்டும். இரண்டு வருடமாக அவருக்கு வேறு ஆசையே கிடையாது. வெயில் குடித்த சிமென்ட் தரையிலிருந்து சூடு எழும்பினால் படம் நடுங்குமாம். அதனால் மனைவி பத்மாம்பாள் காயப்போட்ட மல்லாட்டையை வாரித் தள்ளிவிட்டுக் கொல்லை முழுக்கத் தண்ணீர் ஊற்றுவார். அடுத்த வீட்டு அஞ்சம்மாள் வெந்நீர் அடுப்பு மூட்டினால் சுவருக்கு மேல் தலை நீட்டுவார்.

"அடுப்ப அணைம்மா. கெரகம் கலங்குது."

"கெரகம் செத்த காத்துக்கினு இருக்கட்டுங்க. எங்க வூட்டுக்காரரு குளிக்கணும்."

பத்மாம்பாள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்றவர். எத்தனையோ பேரைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடக்கவைத்தவர். நன்றாக நடமாடும் கணவரைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. டெலஸ்கோப் பக்கம் போனதும் இல்லை.

மார்ச் மாதத்தில் ஒரு மாலை போகவேண்டி வந்தது. லேப்டாப் வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வந்து விழுந்து செத்தால் பாவம். சுற்றிலும் வேட்டியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். பாலசந்திரன் வியாழனை வீடியோவாக எடுத்தார். அதிலிருந்து தெளிவான படங்களாகப் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கிக் கொடுத்தது லேப்டாப். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுவும் கலங்கல். அழிச்சிடலாம்."

"எதுக்குங்க? ரெண்டு பட்டையும் பளிச்சுனு இருக்குது. பக்கத்துல நாலு புள்ளி, ஊசியால குத்துனாப்பல."

"உனக்கு இன்னா தெரியும்?"

"கெரகம் தெரியாது. அந்தத் தெருவிளக்கு எப்பிடித் தெரியுது, சொல்லுங்க."

"அதுவா? சனி மாதிரி, சுத்தி வளையம் போட்டுக்கினு."

"தெருவிளக்குக்கு ஏதுங்க வளையம்? கண்ணுல புரை. ரெண்டுலயும்."

பாலசந்திரன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார்; வளையம் போகவில்லை. இரண்டு வருடமாகக் காற்றையும் தரையையும் அஞ்சம்மாளின் அடுப்பையும் திட்டித் தீர்த்தவர். கலங்கல் என்று எத்தனை வியாழன்களை அழித்தாரோ, அவருக்கே கணக்கில்லை.

"வியாழன் மேற்கால எறங்கட்டும். அப்புறம் ஆபரேஷன் வெச்சிக்கலாம்."

"அது எறங்குனா சனி ஏறும். அதுங்க வரிசையா வந்துக்கினேதான் இருக்கும். இந்தப் படத்த மட்டும் அழிச்சீங்க, வேட்டிய வுட்டுடுவேன். பூச்சி பாவம் உங்களுக்குத்தான்."

படம் பிழைத்தது. விழுப்புரத்தில் முதல் கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தப் படத்தைத் திறந்தார். நான்கு நிலாக்கள், வரிசையாக. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நல்லது என்று இதுவரை அவர் சேர்த்துவைத்திருந்த படங்களைத் திறந்தார். தன் கண்ணுக்குத் தெரியும்வரை நிறத்தை ஏற்றி ஏற்றி வைத்ததில் ஒவ்வொன்றும் பஞ்சுமிட்டாயாக இருந்தது.

நான்கு நிலாப் படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். செஞ்சியிலிருந்து தங்கை மகன் ஸ்ரேயான்ஸ் உடனே போன் செய்தான்.

"சூப்பர் மாமா. ஆனா போன வருசத்துப் படத்துலதான் கலர் தூக்கலா இருந்திச்சி."

பாலசந்திரன் பதில் சொல்ல வாயெடுத்தார். ஆபரேஷன் செய்த கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்த பத்மாம்பாள் அவர் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தார்.

"பேசாதீங்க. சொட்டு மருந்து கன்னத்துல ஓடுது."