மாதிரிக் குழந்தையின் இருமல்

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெட்டியக்கா என்றுதான் சொல்வோம். எப்போது பார்த்தாலும் கையில் ஒரு சக்கரப் பெட்டி இருக்கும். அதில் ஒரு சக்கரம் உருளாது, தரையோடு இழுபடும். அந்தச் சத்தம் மாடிப்படியில் கேட்டதுமே டீ குடிக்கிற சாக்கில் நாங்கள் கலைந்துவிடுவோம். உட்கார்ந்தால் வேலையைப் பற்றியே பேசுவார், காது புளித்துவிடும்.

வேலை இதுதான். ஊர் ஊராகப் போய், சின்னச் சின்ன கிளினிக்குகளைக் குழந்தைகளுக்கான ‘மருத்துவ வீடு’ ஆக்குவது. பெயரைக் கேட்ட ஒரு டாக்டர், இங்கே யாரையாவது குடிவைக்கப் போகிறீர்களா என்று கிண்டல் செய்தாராம். அக்கா சிரிக்காமல் விளக்கியிருக்கிறார். நாள்பட்ட நோயுள்ள குழந்தையின் அம்மா ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதையை ஒப்பிக்க வேண்டாத இடம் எதுவோ, அதுதான் வீடு. பெரிய ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்பது அங்கே தெரிந்திருக்கும். வாரா வாரம் போன் பண்ணி விசாரிக்க ஓர் ஆள் இருக்கும். அந்தப் போனில் கடைசியாக ஒரு கேள்வி உண்டு, அது அக்காவே சேர்த்தது. குழந்தையைப் பற்றிக் கேட்டு முடித்தபிறகு, “நீங்க எப்படி இருக்கீங்க?” என்று அம்மாவைக் கேட்க வேண்டும். கேட்காமல் போனை வைக்கிறவர்களுக்குப் பயிற்சியில் தப்பு போட்டுவிடுவார்.

அவரை அப்படிக் கேட்க ஒருவரும் கிடையாது. கல்யாணம் தட்டிக்கொண்டே போனது, அம்மா போனபிறகு அதற்காக அலையவும் ஆளில்லை. தம்பி வேறு ஊரில் குடும்பமும் குட்டியுமாக இருக்கிறான். பிறந்தநாளுக்குப் பூங்கொத்துப் படம் ஒன்று அனுப்புவான். வாடகை அறை ஒன்று இருந்தது, ஆனால் லாட்ஜில் படுத்த நாட்கள்தான் அதிகம். ஊருக்கெல்லாம் வீடு அமைத்துக் கொடுத்தவருக்கு வாய்த்த வீட்டின் லட்சணம் அது.

பயிற்சியின்போது கிளினிக் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரிக் குழந்தையைப் பதிவு செய்வார். ஏழு வயதுப் பெண், மூச்சு இழுப்பு நோய். அம்மாவின் போன் எண் என்ற இடத்தில் தன்னுடைய எண்ணைப் போட்டுக்கொள்வார். வரவேற்பில் இருக்கும் பெண் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டுப் பழக வேண்டும், இவர் அம்மாவாகப் பதில் சொல்வார். கிளம்புகிற அன்று அந்தக் குழந்தையை அழித்துவிட வேண்டும். ஒரு கிளினிக்கில் மட்டும் அது விட்டுப்போனது. கடைசி நாள் மத்தியானம் வலிப்போடு ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தக் களேபரத்தில் ஆளுக்கொரு பக்கம் ஓடி, அக்கா பஸ்ஸைப் பிடித்ததே பெரிய பாடு. கொஞ்ச நாளில் அங்கே பழகிய பெண்ணும் வேலையை விட்டுப் போய்விட்டாள். புதிதாக வந்தவளுக்கு அக்காவையும் தெரியாது, அது மாதிரிக் குழந்தை என்பதும் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், லாட்ஜ் அறையில் கட்டிலில் உட்கார்ந்து பன்னைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. பாப்பாவுக்கு இப்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று புதியவள் கேட்டாள். அக்காவுக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது, சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் அந்தப் பெண் மளமளவென்று கேள்விகளை முடித்து, கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டாள்.

“நீங்க எப்படி இருக்கீங்கக்கா? ராத்திரி தூக்கமெல்லாம் வருதா?”

வருகிறது என்று சொல்ல வாயெடுத்தவர், கையிலிருந்த பன்னைக் கட்டிலில் வைத்துவிட்டு வார்த்தையைத் தேடினார். அந்தப் பெண் அவசரப்படாமல் காத்திருந்தாள். அப்படிக் காத்திருக்க வேண்டும் என்று அந்தக் கிளினிக்கின் குறிப்பில் எழுதி வைத்ததும் அக்காதான்.

அடுத்த வெள்ளியும் போன் வந்தது, அதற்கடுத்த வெள்ளியும் வந்தது. பாப்பா நன்றாக இருக்கிறாள் என்றால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதை அக்கா கண்டுகொண்டார். அதனால் பாப்பா கொஞ்சம் இருமினாள். பிறகு ராத்திரியிலும் இருமினாள். பொய்தான், நான் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை. வேலையில் ஒரு புள்ளி விட்டுப்போனால் சாமியாடுகிற மனுஷி, வெள்ளிக்கிழமை ஆனால் சாப்பிடாமல்கூடப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெண் சந்தோஷமாகப் பேசினாள்.

“அக்கா, நெஞ்சு டாக்டர் இங்க மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாரு. கெஞ்சிக் கூத்தாடி பாப்பாவுக்கு இடம் வாங்கிட்டேன். இன்னொரு பையன் இருந்தான், அவனை அடுத்த மாசத்துக்குத் தள்ளியாச்சு. பாப்பா இருமுறான்னு நீங்க சொல்லக் கேட்டா மனசு கேக்கலை.”

அந்தப் பையனுக்கும் இழுப்பா என்று அக்கா கேட்டார். ஆமாம் என்றாள். நிஜமான பையன், நிஜமான இழுப்பு. அவனுக்கு ஒரு மாதம் என்பது என்ன என்று அக்காவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாப்பா குணமாகிவிட்டாள், இடத்தை அவனுக்கே கொடுங்கள் என்று இன்னொரு பொய்யால் தப்பித்திருக்கலாம். அப்படிச் சொன்னால் வெள்ளிக்கிழமைகளும் மிஞ்சும். அந்த ஆசை வந்தது என்று என்னிடம் சொன்னபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அப்படி ஒரு குழந்தையே கிடையாதும்மா,” என்றார் அக்கா. “பயிற்சிக்காக நான் போட்டு வச்சது. அழிக்க மறந்துட்டேன். அந்தப் பையனை வரச் சொல்லு.”

அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தை அழுகிற சத்தமும் நாற்காலி நகர்கிற சத்தமும் கேட்டன.

“அப்ப இத்தனை வாரமா இருமினது யாரு?” என்றாள் அந்தப் பெண்.

அக்கா மன்னிச்சுக்கோ என்று சொன்னது அவளுக்குக் கேட்டதா என்பதும் தெரியவில்லை. பையனின் அம்மாவை உடனே கூப்பிட வேண்டும், பாப்பாவின் பெயரை இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று அவள் கடகடவென்று சொன்னாள். செய்ய வேண்டியதை முறை தவறாமல் செய்தாள். கோபம் குரலில் தெரிந்தது, ஆனால் ஒரு வார்த்தை தடித்துப் பேசவில்லை.

எல்லாம் முடிந்தது. அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைசிக் கேள்விக்காகக் காத்திருந்தார். அவள் கேட்காமலே வைத்துவிட்டாள்.

பயிற்சியாக இருந்திருந்தால் தப்பு போட்டிருப்பார்.