டிக்கெட் எடுக்காத நிழல்

தெருவில் அவரைச் செக்கர் என்றுதான் சொல்வார்கள். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிறது. பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. சந்தேகப் பிராணி என்றால் அப்படியொரு சந்தேகப் பிராணி. பேப்பர் போடுகிறவர் என்றைக்காவது சிரித்துவிட்டுப் போனால், இவன் ஏன் சிரித்தான் என்று மத்தியானம் வரை யோசிப்பார். பழக்கடைக்காரர் தானாக ஒரு பழம் கூடப் போட்டால், வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழத்தைத்தான் முதலில் வெட்டிப் பார்ப்பார்.

வேலை அவரை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர் என்பதால் அந்த வேலைக்குப் போனாரா என்று அவர் மனைவிக்கே ஒருநாளும் தெரிந்ததில்லை. "டிக்கெட் வேற சட்டைல இருக்கு சார்", "எங்க மாமா முன்பெட்டில வச்சிருக்காரு சார்" என்று அவர் காதில் பூ சுற்றப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். தூங்குவதுபோல நடிப்பவர்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். நிஜமாகத் தூங்குகிறவன் வாயைப் பிளந்துகொண்டு கோணல்மாணலாகக் கிடப்பான், நடிக்கிறவன்தான் அழகாகத் தூங்குவான் என்பார்.

ஒரே ஒரு தடவை வீட்டில் அவருக்கு மரியாதை குறைந்தது. டிக்கெட் இல்லாமல் வந்த ஒரு வயசாளியை மழையில் நடுவழி ஸ்டேஷனில் இறக்கிவிட்டதைச் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வயசான ஆளு. கடைசி ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுத்தான் போகட்டுமே."

"இன்னைக்கு ஒருத்தரை விட்டா நாளைக்குப் பெட்டி முழுக்க அப்படித்தான் வருவாங்க."

அதற்குப் பிறகு சில நாள் அந்த வீட்டில் தையல் மெஷின் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். கோபம் வந்தால் மெஷினை வேகமாக மிதிப்பாள்.

அந்த மெஷினில்தான் முதலில் கோளாறு தெரிந்தது. ஒரு சட்டைக்கு மூன்று கை தைத்து வைத்திருந்தாள். நூல்கண்டு ஃபிரிட்ஜில் இருந்தது, கத்தரிக்கோல் அரிசி டப்பாவில் இருந்தது. செக்கர் நம்பவில்லை. தன்னை ஏதோ ஒரு காரணத்துக்காகப் பழிவாங்குகிறாள், நடிக்கிறாள் என்றே நினைத்தார். குறுக்குக் கேள்வி கேட்டு மடக்கப் பார்த்தார். கல்யாணத்தன்று என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாய் என்றால் டக்கென்று சொன்னாள், காலையில் என்ன சாப்பிட்டாய் என்றால் முழித்தாள். திருட்டு முழி எப்படி இருக்கும் என்று அவருக்கு அத்துப்படி. இது அதில்லை. அது தெரிந்த அன்றே அவளை டாக்டரிடம் கூட்டிப் போனார்.

டாக்டர் மறதி நோய் என்றார், திரும்பாது என்றார். வேறு ஊரிலிருந்த மகள் போனில் ஒரு வழி சொன்னாள்.

"பழைய போட்டோவெல்லாம் எடுத்துத் தினமும் காட்டுங்கப்பா. ஆளுங்க மறக்காம இருப்பாங்களாம்."

ஆல்பங்களுக்கு அந்த வீட்டில் குறைவில்லை. செக்கருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆடம்பரம் கேமரா. கூட வேலை பார்த்தவரிடம் பழைய விலைக்கு வாங்கியது. வாங்குவதற்கு முன் திருகாணி திருகாணியாகப் பிரித்துப் பார்த்ததில் விற்றவருக்கே வெறுத்துப் போய்விட்டது. லீவு நாளில் குடும்பத்தைக் கடற்கரைக்கும் பூங்காவுக்கும் கூட்டிப் போய் வரிசையாக நிற்க வைத்து எடுப்பார். கறுப்பு அட்டையில் மூலை ஒட்டி, அலமாரியில் பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வார்.

இப்போது தினமும் டீ குடித்ததும் ஆல்பத்தை அவள் மடியில் விரித்தார். இது மகள், இது உன் தம்பி, இது உன் பெரியம்மா என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். அவளும் உன்னிப்பாகப் பார்த்தாள். நல்ல முன்னேற்றம் என்று மகளுக்குப் போனில் சொன்னார்.

ஒரு காலை, கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமானதுதான். அதை மற்றவர்கள் மேல் வீசித்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை.

"நீங்க யாரு?"

"என்னம்மா இது, நான் உன் வீட்டுக்காரன்."

"இதுல எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் இருக்காங்க. உங்களைக் காணோமே."

செக்கர் ஆல்பத்தில் ஒட்டாமல் டிரங்குப் பெட்டியில் கிடந்த கல்யாணப் போட்டோவைத் தேடி எடுத்துக் காட்டினார். அதில் நின்றவனுக்குத் தலைநிறைய முடி, உதட்டுக்கு மேல் கத்தையாக மீசை. இப்போது இரண்டுமே இல்லை. அவள் போட்டோவைப் பார்த்தாள், அவர் வழுக்கையைப் பார்த்தாள், போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அது வேற ஆளு. கதை விடாதீங்க."

அன்றிலிருந்து அவர் கையால் எதையும் வாங்கமாட்டேன் என்றாள். தட்டை நீட்டினால் நகர்த்திவிடுவாள், மாத்திரையைக் கொடுத்தால் ஜன்னல் வழியாக எறிவாள். அவர் குளிக்கப் போனால் வெளியே தாழ்ப்பாள் போட்டாள். மெலிந்துகொண்டே போனாள். மகள் ஓடி வந்தாள். டாக்டர் எடை பார்த்துவிட்டு, இப்படியே போனால் வீட்டில் வைத்திருக்க முடியாது, காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள் என்றார். மகள் ஒரு இடத்தைப் போய்ப் பார்த்தும் விட்டாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்பா. அதுக்குள்ள உங்க கையால சாப்பிட்டா சரி. இல்லன்னா வேற வழியில்ல."

இதற்கிடையில் மச்சினன் வந்தால் மட்டும் அவள் முகம் மலர்ந்தது. அவன் ஸ்கூட்டர் பழுது பார்க்கிறவன், வாய் ஓயாதவன். அவன் கொடுத்தால் சாப்பிட்டாள், அவன் சொன்னால் தூங்கினாள். செக்கரின் மூளை பழைய தண்டவாளத்தில் ஓட ஆரம்பித்தது. யாரோ அவள் மனதைக் கலைக்கிறார்கள். யாராக இருக்க முடியும்? தம்பிதான். சின்ன வயதில் கேமராவை இரவல் கேட்டு இவர் கொடுக்காததை இன்னும் மனதில் வைத்திருக்கிறானோ என்னவோ.

ஒருநாள் மச்சினன் உள்ளே இருக்கும்போது கதவிடுக்கில் காதை வைத்துக்கொண்டு நின்றார். கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறோம் என்ற பழைய உற்சாகம்கூட வந்துவிட்டது.

"அக்கா, அது மாமாதான். சத்தியமா மாமாதான்."

"நீ சின்னப் பையன், உனக்குத் தெரியாது. எந்த ஆல்பத்துலயாவது அந்த ஆளு இருக்காரா, காட்டு."

"இல்லதான்…" என்று மச்சினன் இழுத்தான். "ஆனா ஆளு மாமாதான்க்கா. வாயத் திறந்தாலே தெரியலையா, யாரையும் நம்பமாட்டாரு."

செக்கர் சத்தமில்லாமல் பின்வாங்கினார். அவருக்காகப் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆளை அவர் வேவு பார்த்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

மத்தியானம் அவள் தூங்கியதும் ஆல்பங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். பெட்டி பெட்டியாகச் சோதிப்பதுபோல ஒவ்வொரு பக்கமாகப் போனார். மகளின் முதல் பல், மகளின் சைக்கிள், மச்சினனின் முதல் பேன்ட், மெஷினில் குனிந்திருக்கும் மனைவி, கடற்கரையில் காலை நனைத்துக்கொண்டு கத்தும் மனைவி. அவர் இல்லை. எந்தப் பக்கத்திலும் அவர் இல்லை.

எப்படி இருப்பார்? கேமராவை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லையே. மச்சினன் கேட்டால், கீழே போடுவான். மகள் கேட்டால், பிலிமை வீணாக்குவாள். ஒருமுறை பூங்காவில் ஒரு பெரியவர் தானாக வந்து, "குடுங்க தம்பி, நான் எடுக்கறேன், நீங்களும் போய் நில்லுங்க" என்றார். வேண்டாம் என்று கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தூக்கிக்கொண்டு ஓடிவிட்டால்? ஊன்றுகோல் வைத்திருக்கிற மனிதர் எங்கே ஓடுவார் என்று மனைவி வழிநெடுகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பெரியவரிடம் கொடுத்திருக்கலாம். ஒரே ஒரு கிளிக். தன் சந்தேக புத்தியாலேயே தன்னைக் குடும்பத்திலிருந்து வெட்டி எறிந்திருக்கிறார், போதாததற்கு அந்தச் சாட்சியத்தைத் தினமும் டீயோடு தானே கொண்டுபோய் அவள் மடியில் வைத்திருக்கிறார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். செக்கர் அந்த மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். மனைவிக்கு நோய் என்று சொன்ன அன்றுகூட அவர் அழவில்லை.

நிமிர்ந்தபோது அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. அழுகிற ஆளைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"யாரைத் தேடறீங்க?"

"உங்க வீட்டுக்காரரை" என்றார் செக்கர். வாயில் வந்துவிட்டது. "அவரு இதுல எங்க இருக்காரு?"

கல்யாணப் போட்டோவைக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கடற்கரைப் படத்தை இழுத்து, கீழே மணல் பரப்பில் விரல் வைத்தாள்.

"இதோ நிக்கிறாரே. கண்ணு தெரியலையா?"

மணலில் ஒரு நிழல் கிடந்தது. லீவு நாளிலும் கழற்றாத யூனிபார்ம் தொப்பி வைத்த தலை, கேமராவைத் தூக்கிப் பிடித்ததில் இரண்டு பக்கமும் புடைத்த முழங்கைகள், கைப்பிடி வைத்த பானையைப்போல. அவர் அவசரமாகப் பக்கம் புரட்டினார். பூங்காவில், புல்லின்மேல் அதே பானை. வீட்டு வாசலில், மகளின் சைக்கிள் சக்கரம் வரை அதே பானை. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள் என்று கேமராவை விற்றவர் சொல்லிக் கொடுத்திருந்தார், நிழலைப் பற்றிச் சொல்லவில்லை. வெறுப்பில் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருப்பார் என்று இவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. படம் கழுவி வரும்போதெல்லாம் மனைவி கிண்டல் செய்வாள்: "ஊரெல்லாம் டிக்கெட் கேக்கறீங்க. உங்க நிழல் டிக்கெட் எடுக்காமயே எல்லாப் போட்டோலயும் ஏறிடுது." படம் எடுக்கும் நேரத்தில் அவள் "தள்ளி நில்லுங்க, நிழல் விழுது" என்று கத்துவது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. அவர்தான் ஒருநாளும் தள்ளி நின்றதில்லை.

மறுநாள் சாயங்காலம் வெயில் சாய்கிற நேரத்துக்காகக் காத்திருந்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய யூனிபார்ம் தொப்பியைத் தட்டி எடுத்தார். கேமராவில் பிலிம் இல்லை. இருந்தாலும் தூசி துடைத்தார். கண்ணாடியில் பார்த்தபோது, தன்னைப்போலவே வேஷம் போட்டு ஏமாற்றப்போகிற ஆள் மாதிரிதான் அவருக்கே தோன்றியது. இப்படி ஒருவன் ரயிலில் வந்திருந்தால் அவரே முதலில் பிடித்திருப்பார்.

கொல்லைப்புறத்துச் சிமென்ட் தரையில் அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தாள். மச்சினனும் மகளும் சமையலறை வாசலில் நின்று பார்த்தார்கள். செக்கர் மதில் ஓரமாக, சூரியன் முதுகில் படும்படி நின்று கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினார். நிழல் தரையில் நீண்டு போய் அவள் காலைத் தொட்டது, பிறகு மடியில் ஏறியது.

அவள் பொத்தானை உருட்டுவதை நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். நேரம் போனது. அவர் முழங்கைகளை இன்னும் விரித்தார், நிழலும் விரிந்தது.

"தள்ளி நில்லுங்க" என்றாள் அலுப்பாக. "நிழல் விழுதுல்ல."

செக்கர் கேமராவை இறக்கவில்லை. இறக்கினால் முகம் தெரிந்துவிடும். அப்படியே மெல்ல அருகில் வந்து, வலது கையால் மட்டும் பையிலிருந்த மாத்திரையை எடுத்து நீட்டினார். அவள் நிழலிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி வாங்கி, வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்த தண்ணீரைக் குடித்தாள். சமையலறை வாசலில் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டியூட்டி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"நல்லவேளை வந்தீங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்குள்ள ஒரு ஆளு சுத்திக்கிட்டிருக்காரு. வழுக்கைத் தலை. இங்கயேதான் சாப்பிடறாரு, இங்கயேதான் தூங்கறாரு. எனக்கு நம்பிக்கையே இல்ல. டிக்கெட் இருக்கான்னு கேளுங்க."

செக்கர் கேமராவைக் கண்ணோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"கேட்டுட்டேன். இல்லையாம்."

"அப்ப இறக்கி விட வேண்டியதுதானே?"

"போகுது விடும்மா" என்றார் கேமராவுக்குப் பின்னாலிருந்து. "வயசான ஆளு. கடைசி ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுத்தான் போகட்டுமே."

அவள் யோசித்தாள். மடியில் கிடந்த நிழலைத் துணியின் சுருக்கத்தை நீவுவதுபோல ஒருமுறை நீவிவிட்டாள்.

"சரி, உங்க இஷ்டம். ஆனா அந்த ஆளு மேல ஒரு கண்ணு வச்சுக்கோங்க."

"வச்சுக்கறேன்" என்றார் செக்கர்.