போப்பாண்டவர் படத்துக்குப் பின்னால்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அந்தப் படத்தில் இன்னொரு ஜோடிக் கண்கள் தெரிய ஆரம்பிக்கும். நெல்லித்தோப்பில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த போப்பாண்டவர் படம் அது. ஈரம் ஏற ஏற, சிரிக்கிற அந்த முகத்தின் கன்னத்திலிருந்து வேறு யாரோ விழித்துப் பார்ப்பார்கள். வெயில் வந்ததும் போய்விடுவார்கள். பட்டப்பகலிலும் அங்கே தனியாக உட்கார எனக்குப் பயம்.

சாமியார் மந்திரித்துத் தந்த படத்தைக் குப்பையில் போடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். புதிய போப்பாண்டவர் வந்தால், அவர் படத்தைப் பழையவர் மேலேயே வைத்துச் சட்டத்தை மூடிவிடுவோம். கண்கள் முந்தையவருடையவை என்று நினைத்திருந்தோம். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று சொல்பவர்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அண்ணன் மில்லில் வேலை பார்த்தவர், ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். பிள்ளைகளிடம் தவறாக நடந்த குருக்களைப் பற்றித் தெரிந்தும் ரோமாபுரி மூடி மறைத்தது என்று செய்தித்தாளில் படித்த பிறகு கோயில் பக்கமே போகவில்லை. எனக்கும் கோபம்தான். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அண்ணி வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்திருந்த நேரம் அது.

“வேலியே பயிர மேஞ்சிருக்கு. காவக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கு. எம் பொண்ண அங்க அனுப்ப மாட்டேன். மொதல்ல அந்தப் படத்த எறக்கு,” என்றார் அண்ணன்.

கோபம் வந்தால் அண்ணிக்கு வாய் மூடிக்கொள்ளும், கை வேலை செய்யும். அன்று மதியமே படத்தை இறக்கிப் பாயில் வைத்து, பின்பலகையின் ஆணிகளைப் பிடுங்கினார். காகிதங்களைக் கட்டாக எடுத்து மேலிருந்து பிரித்தோம். உப்புக் காற்றில் எல்லாம் ஒட்டிக் கிடந்தன. ஒருவரைப் பிரித்தால் அடுத்தவரின் நெற்றியும் சேர்ந்து உரிந்து வந்தது. அடியில் நாங்கள் யாரும் பார்த்திராத ஒரு படம் இருந்தது. ஆண்டவரின் சீடர் இராயப்பர், பக்கத்தில் சேவல். அழுது சிவந்த கண்கள். மழைக்காலமெல்லாம் எங்களைப் பார்த்தவை அவைதான்.

அண்ணி நெடுநேரம் பார்த்துவிட்டு அண்ணனிடம் சொன்னார்: “மொத போப்பாண்டவரே இவுருதான். சேவ கூவறதுக்குள்ள மூணு வாட்டி, ஆண்டவரயே அந்த ஆளத் தெரியாதுன்னவரு. இவுர நம்பியா நான் கோயிலுக்குப் போறேன்? இவுரு யார நெனச்சி அழுவுறாரோ அவுர நம்பிப் போறேன். புள்ளைய ஒரு நிமிஷம் தனியா வுட மாட்டேன். சாமியாரா இருந்தாலும் கேள்வி கேப்பேன். நன்மைய மட்டும் தடுக்காதீங்க.”

அண்ணன் புதுநன்மை அன்று மகளைக் கோயில் வரை கூட்டிவந்து விட்டு, பூசை முடியும் வரை கேட்டருகே நின்றார். உள்ளே வரவில்லை. இன்றுவரை போகவில்லை. அண்ணி இராயப்பரை முன்னால் வைத்து, மற்ற எல்லோரையும் அவருக்குப் பின்னால் அடுக்கி மாட்டினார்.

அண்ணி இப்போது இல்லை. இந்த முறை போப்பாண்டவர் மாறியபோது புதுப் படத்தை நான்தான் பின்னால் செருகினேன். நேற்று நல்ல மழை. கூடத்துக்குள் போனபோது இராயப்பரின் கண்களுக்குக் கீழே இன்னும் சில கண்கள் தெரிந்தன. யாருடையவை என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. அண்ணன் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, தோள் துண்டால் இராயப்பரின் கண் இருக்கும் இடத்தில் கண்ணாடியை மெதுவாகத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“போவ மாட்டேங்குது தம்பி,” என்றார். “ஈரம் உள்ளாற இருக்கு.”