ஸ்டெல்லா வீட்டுக் கூல்டிரிங்க்ஸ்

ஞாயிறு காலை 6.40-க்குத் தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறினேன். டிக்கெட் பத்து ரூபாய். உட்கார இடம் கிடைத்ததே அன்றைய முதல் அதிர்ச்சி. பையில் ஸ்டெல்லாவுக்கு ஒரு புடவை, வைதேகிக்கு அரைக்கிலோ மைசூர்பாகு, எனக்கு ஒரு குடை. நவம்பர் மாதம், வானத்தை நம்ப முடியாது.

போகிற இடம் உத்திரமேரூரைத் தாண்டி ஆறு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு காலனி. பேரை எழுதாதே என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டாள், அதனால் எழுதவில்லை. அங்கே அவர்கள் சர்ச்சில் அன்றைக்கு ஸ்தோத்திரப் பண்டிகை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விளைந்ததில் முதல் பங்கை, நெல்லோ பூசணியோ கோழியோ, சர்ச்சில் கொண்டுபோய் வைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்வார்கள். அதையெல்லாம் ஏலம் விட்டபின் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அமெரிக்காவில் இதே மாதம் வான்கோழி வெட்டிக் கொண்டாடுகிறார்களே, அதற்கு இது தூரத்துச் சொந்தம்.

ஸ்டெல்லா, வைதேகி, நான் மூவரும் காஞ்சிபுரத்தில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். மெஸ் சாம்பாரைத் திட்டிக்கொண்டே ஒரே பெஞ்சில் சாப்பிட்டவர்கள். இப்போது ஸ்டெல்லா தன் ஊரில் அங்கன்வாடி டீச்சர். வைதேகி உத்திரமேரூரில் அரசுப் பள்ளி ஆசிரியை. அவளுடைய அப்பா பெருமாள் கோயில் மடப்பள்ளியில் பிரசாதம் செய்தவர். நான் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்குப் பிறகு அவள் வீட்டுக்கு ஏழெட்டு முறை போயிருக்கிறேன், எல்லாம் மதியத்துக்கு மேல் போய் இருட்டுவதற்குள் திரும்பிய பயணங்கள். பண்டிகைக்குப் போவது இதுதான் முதல் தடவை.

மைசூர்பாகு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வைதேகி அந்தப் பந்தியில் கை நனைக்க மாட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பாவம், பசியோடு இருப்பாளே என்று வாங்கியது. கிளம்பும்போது என் கணவரிடம் சொல்லிவிட்டும் வந்தேன்: "வைதேகி என்ன சாக்கு சொல்றான்னு பாக்கத்தான் போறேன்." எனக்கு அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

காலை 7.45. செங்கல்பட்டில் உத்திரமேரூர் பஸ். மகளிருக்கு இலவசம் என்ற நினைப்பில் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து நின்றார்.

"இது அந்த பஸ் இல்லம்மா. முப்பத்திரண்டு ரூவா எடுங்க. சில்லறையா இருந்தா புண்ணியமா போவும்."

எடுத்துக் கொடுத்தேன். மாமண்டூர் பாலத்தில் பாலாற்றைப் பார்த்தேன், நிஜமாகவே தண்ணீர் ஓடியது. புக்கத்துறை கூட்டுரோட்டில் பஸ் நெடுஞ்சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பியது. அதன் பிறகு இரண்டு பக்கமும் வயல்தான். சில வயலில் நாற்று, சில வயலில் தண்ணீர் மட்டும். ஒரு ஏரி மதகில் ஐந்தாறு பேர் குடையும் தூண்டிலுமாக நின்றார்கள்.

9.20-க்கு உத்திரமேரூர் பேருந்து நிலையம். அங்கே உள்ள கல்வெட்டைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நான் வைதேகியைத் தேடினேன். அவள் ஸ்கூட்டியில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "நேத்திக்கு சீரியல் பாத்தியோ? அவளுக்கு மறுபடியும் ஞாபக மறதி வந்துடுத்து."

"மூணாவது தடவை. நம்ம ஸ்கூல்ல இந்த மாதிரி மறதி வந்தா மெமோ கொடுப்பாங்க."

ஆறு கிலோமீட்டரும் இதே பேச்சு. காலனி திரும்பும் இடத்தில் குண்டும் குழியுமான சாலை, அதற்குமேல் சிமெண்ட் ரோடு. வைதேகி வழி கேட்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

பத்து மணிக்கு ஆராதனை. சின்ன சர்ச், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் வாழைமரம். பலிபீடத்துக்கு முன்னால் நெற்கதிர்க் கட்டு, பூசணி, வாழைத்தார், முட்டைத் தட்டு, கால் கட்டிய கோழிகள். இங்கே பாதிப் பேருக்குமேல் சொந்த நிலம் கிடையாது. ஸ்டெல்லாவின் கணவர் தாஸ் ஊரார் வயலில் அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர். அவர்கள் வைத்தது வீட்டுக் கூரையில் படர்ந்த சுரைக்கொடியின் முதல் காய். ஏலத்தில் ஒரு நாட்டுக்கோழி ஆயிரத்து நானூறு ரூபாய்க்குப் போனது. எனக்கு மயக்கம் வராத குறை. அதை எடுத்தவர், "கோயில் கோழிம்மா, வெலை பாக்கக்கூடாது" என்றார் அமைதியாக.

ஏலம் முடிந்து பந்தி போட ஒரு மணியாகும் என்றார்கள். மணி பதினொன்றரை. ஸ்டெல்லா எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். மின்விசிறியைப் போட்டு, என் கையில் ஆரஞ்சு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைக் கொடுத்தாள். மூடி திறக்காதது, ஜில்லென்று இருந்தது. கூடவே பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று. எப்போது போனாலும் எனக்கு இந்த உபசாரம் உண்டு. என் பள்ளியில்கூடச் சொல்லியிருக்கிறேன், ஸ்டெல்லா எனக்காகக் கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிவைப்பாள் என்று.

வைதேகிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நான் பாட்டிலை அவள் பக்கம் நீட்டப்போனேன். அதற்குள் அவள் நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, பானையில் தண்ணீர் மொண்டு மடமடவென்று குடித்தாள். "ஸ்டெல்லா, காலைல பண்ண கத்திரிக்காய் இருக்கா?" என்று கேட்டபடி ஒரு மூடியைத் திறந்து பார்த்தாள்.

நான் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த வைதேகி, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி பாக்கற?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

பேச்சு மறுபடி சீரியலுக்குப் போனது. ஸ்டெல்லா பூண்டு உரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இந்த சீரியல்ல எவனாவது ஒரு வாய் துன்னு பாத்துக்கிறியாடி? டேபிள்ல பத்து கறி வெச்சிக்கினு குந்திக்கினு இருப்பாங்க. கைய வெக்கப்போறப்ப ஒருத்தன் வந்து கத்துவான். எல்லாம் எந்திரிச்சிப் பூடுவாங்க. அந்த சோத்த அப்பால இன்னா பண்ணுவாங்க?"

"லைட் பிடிக்கறவா சாப்பிடுவா" என்றாள் வைதேகி.

"சினிமா பரவாயில்ல" என்றேன் நான். "ஹீரோ குடிசைக்குள்ள வந்து கூழ் வாங்கிக் குடிப்பான். உடனே பாட்டு. பாட்டு முடியறதுக்குள்ள தலைவன் ஆயிடுவான்."

மூவரும் சிரித்தோம். வைதேகி புதிதாக வந்த மாமியார் பாத்திரத்தைப் பற்றிச் சொன்னாள். மருமகளின் ஏழை அம்மா வீட்டுக்குப் போய், இலை போட்டபிறகு வயிறு சரியில்லை என்று எழுந்துவிடுகிறாளாம்.

ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே என் தொடையில் தட்டினாள். "நம்ம மல்லிகா மாதிரி."

"நானா?"

"பின்ன? என் கல்யாணத்துல இன்னா பண்ண? எங்க அண்ணன் எலய போட்டுட்டு உன்னக் கூப்புட வந்துச்சி. வவுறு சரியில்ல, கலர் இருந்தா குடுங்கன்ன. அண்ணன் சைக்கிள எடுத்துக்கினு மெயின் ரோட்டு கடைக்கி ஓடுச்சி. அன்னிலருந்து நீ வர்றன்னு போன் பண்ணாலே மொதல்ல பாட்டில வாங்கி வெச்சிடுவோம். யாருக்கும் பேஜார் இல்ல பாரு."

அவள் குத்திக்காட்டவில்லை. கை பூண்டை உரித்துக்கொண்டேதான் இருந்தது.  எனக்குத்தான் கையில் இருந்த பாட்டிலைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

இருபது வருடம் முன்பு அந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அம்மா தலையில் பூ வைத்துவிட்டபடியே சொன்னது ஞாபகம் வந்தது. "சிநேகிதி கல்யாணம், போய்ட்டு வா. ஆனா அங்க கை நனைக்காத." நான் எதிர்த்துப் பேசவில்லை. அன்றைக்கு என் வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. அந்தப் பொய்யைச் சொன்னதை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். சொல்லப்பட்டவர்கள் மறக்கவில்லை, இருபது வருடமாக அதற்கேற்ற ஏற்பாட்டையும் செய்துவந்திருக்கிறார்கள். நான் அதை உபசாரம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"வைதேகி, நீ?" என்றேன். 

"நான் கல்யாணத்துக்கே வரலையேடி. அப்பா விடலை. அடுத்த வாரம் தனியா வந்து, அப்பா விடலைன்னு அப்படியே சொல்லி அழுதேன். பசிக்கறது, தயிர்சாதம் போடுன்னேன். அதுலேர்ந்து இங்கதான் பாதி நாள் சாப்பாடு."

எனக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று தெரியாததால் ஸ்டெல்லாமீதே காட்டினேன். "ஏன்டி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாம்ல?"

ஸ்டெல்லா பூண்டுத் தோலை முறத்தில் தள்ளினாள்.

"கேட்டா இன்னா சொல்லுவ? ரெண்டு நாள் அழுவ. அப்பால வெக்கப்பட்டுக்கினு வரமாட்ட. வவுறு சரியில்லன்னு சொன்னவள அப்டியே வெச்சிக்கினா, ரெண்டு வருசத்துக்கு ஒருவாட்டியாவது வர்றல்ல. எனக்கு நீ வரணும்டி."

நான் அழுதேன். வைதேகி விசிறியை இன்னும் வேகமாக வைத்தாள், வேறென்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஒரு மணிக்குச் சர்ச் வளாகத்தில் பந்தி. தார்ப்பாய்க் கூரை, நீளமான கோரைப்பாய், வாழையிலை. கோழி பிரியாணி, கத்திரிக்காய், தால்சா. வைதேகிக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் தனியாகச் சாம்பார் சாதம். நான் வைதேகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரியாணி அண்டாவோடு வந்த தாஸ் என் இலைக்கு முன்னால் நின்றுவிட்டார். கரண்டி அந்தரத்தில் இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சருக்கு..." என்று இழுத்தார்.

"போடுய்யா. இன்னிக்கி அதுக்கு வவுறு நல்லாகீது" என்றாள் ஸ்டெல்லா.

வரிசையில் இருந்த நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இன்னொன்று புரிந்தது. என் வயிற்றின் கதை ஸ்டெல்லாவுக்கும் தாஸுக்கும் மட்டுமல்ல, அந்தக் காலனிக்கே தெரிந்திருக்கிறது. ஏழெட்டு முறை அந்தத் தெருவில் நான் நிமிர்ந்து நடந்து போயிருக்கிறேன்.

தாஸ் பரிமாறினார். சாப்பிட்டேன். பிரியாணி நன்றாக இருந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. யாரும் பாராட்டவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. பக்கத்து இலைக்காரம்மா தால்சாவில் மாங்காய் குறைச்சல் என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் கொண்டுபோன மைசூர்பாகை வைதேகி பிரித்து அந்த வரிசை முழுவதற்கும் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு, "கடையில வாங்கினதா? நெய்யே இல்லை" என்றாள்.

3.45-க்கு உத்திரமேரூரில் பஸ். ஸ்டெல்லாவும் கூட வந்திருந்தாள். மழை தூறியது. பஸ் கிளம்பும் வரை அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வா, நான் சமைக்கிறேன், ராத்திரி தங்கிவிட்டுப் போ என்று நாலு முறை சொன்னேன். அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"பாக்கலாம்டி" என்றாள் கடைசியில். "நீ பாத்து போ. எறங்கனதும் போன் பண்ணு."

திரும்பும் வழியில் பாலாற்றை நான் பார்க்கவில்லை. ஒரு வேளை சோறு சாப்பிட்டுவிட்டதால் எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனாலும் மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. அவள் வந்தால் என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வஞ்சிரம் வறுக்கலாம், அவளுக்குப் பிடிக்கும். செங்கல்பட்டில் 5.40 ரயில் கிடைத்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு. என் கணவர் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "என்ன, வைதேகி சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டா. அடுத்த ஞாயித்துக்கிழமை ஸ்டெல்லாவ வரச் சொல்லியிருக்கேன்."

"ஓ, சரி" என்றார் அவர். நல்ல மனிதர், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியது கிடையாது. "எந்த ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போகப்போற?"

 அவளுடைய அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்தபோது, அவள் பயிற்சி முகாமுக்கு வந்தபோது, துணி எடுக்க வந்தபோது என்று எத்தனையோ முறை ஸ்டெல்லா தாம்பரம் வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் உனக்கு எதற்கு அலைச்சல் என்று சொல்லி, ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ரயிலேற்றிவிட்டு வந்திருக்கிறேன். இதற்கு என் அம்மாவைக் காரணம் சொல்ல முடியாது. அம்மா போய்ப் பத்து வருடம் ஆகிறது.

ஏழரைக்குச் சீரியல் ஆரம்பித்தது. இருபது வருடமாக நானும் ஸ்டெல்லாவும் ஒவ்வொரு சீரியலையும் ஒரே நேரத்தில் பார்த்து, முடிந்ததும் போனில் பேசிக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் டிவி எந்தச் சுவரில் இருக்கிறது என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியாது.