காமாலை என்று சொன்னேன்

லைப்சிக் நகரத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க எனக்குப் பெயர் இல்லாமல் போனது. நகரத்தின் சுகாதார அலுவலகம் அது. கெசுண்ட்ஹைட்ஸம்ட் என்பார்கள்; சொல்லி முடிப்பதற்குள் பாதி நோய் குணமாகிவிடும். பாலுறவால் தொற்றும் நோய்களுக்கான ரத்தப் பரிசோதனையை அங்கே பெயர் கேட்காமல் செய்கிறார்கள். இது தெரியாமல் நான் பாஸ்போர்ட், விசா அட்டை, இன்சூரன்ஸ் அட்டை, வீட்டு வாடகை ஒப்பந்தம் வரை ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்கும் நம்மவர்கள் அப்படித்தான் போவோம். நான் பாஸ்போர்ட்டைத் திறந்ததும், மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த கிராப்புத் தலையோடு இருந்த ஆலோசகப் பெண்மணி 'நைன், நைன்', வேண்டாம் வேண்டாம் என்று கண்களைக் கையால் மூடிக்கொண்டார். வெளிநாட்டுக்காரர்களுக்குச் செய்யமாட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணி, நான் ஒழுங்காக வரி கட்டுகிறவன் என்று அரைகுறை ஜெர்மனில் வாதாட ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டு ஒரு சின்னச் சீட்டை என் பக்கம் நகர்த்தினார். அதில் ஓர் எண் மட்டும் இருந்தது. அந்த எண்ணைச் சொல்லித்தான் அதன்பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

செஞ்சியில் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போனாலே, ஊசியை எடுக்குமுன் "நீ ஆரு புள்ள?" என்று கேட்பார்கள். சொன்னால், "உங்க நைனாவுக்கும் சுகர்தான?" என்பார்கள். ரிசல்ட் நம் கைக்கு வருவதற்குள் காந்தி பஜாரில் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு, பெயரே வேண்டாம் என்ற ஓர் அலுவலகம் முதலில் அவமானமாகப் பட்டது. பிறகுதான் மூச்சு வந்தது.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. நண்பர் வீட்டு விருந்தில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். பேசினோம், சிரித்தோம், இருவரும் விரும்பியே அன்றைக்கு ஒன்றாக இருந்தோம். ஆணுறை அணிந்திருந்தேன். மறுநாள் சேர்ந்து காப்பி குடித்துவிட்டுப் பிரிந்தோம். அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இரண்டு நாள் கழித்துத் தொண்டை கரகரத்தது. அவ்வளவுதான், இணையத்தைத் திறந்தேன். அதில் போட்டிருந்த அறிகுறிகளெல்லாம், படிக்கப் படிக்க, ஒவ்வொன்றாக என் உடம்புக்கு வந்து சேர்ந்தன. குளிக்கும்போதெல்லாம் தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையில் கவனம் செல்லவில்லை.

அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் கண் இமைக்காமல் கேட்டார். யாரோடு, எப்படி, உறை கிழிந்ததா. சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்பதுபோல் கேட்டார். எனக்குத்தான் காது சுட்டது. கடைசியில், ஆபத்து ஏறக்குறைய இல்லை என்றார். ஆனாலும் மனம் அமைதியாக வேண்டுமென்றால் ஆறு வாரம் கழித்து வாருங்கள், அப்போது எடுத்தால்தான் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதியாகச் சொல்லமுடியும் என்றார். பிறகு, இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் 'ஒரு டம்ளர்' என்றேன். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொண்டு, டம்ளரால் இந்த நோய் பரவாது, ஒரே டம்ளரில் குடிக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம் என்று பொறுமையாக விளக்கினார். அது எனக்கும் தெரியும். எங்கள் ஊருக்குத் தெரிந்திருந்தால் நான் அங்கே போய் உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டீக்கடையில், பம்பாய்க்கு லாரி ஓட்டி இளைத்துத் திரும்பிய ஒருவருக்காக ஒரு டம்ளரைத் தனியாக ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். அவரே வந்து எடுப்பார், அவரே கழுவி மாட்டுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு நாள், தண்ணீர் தாகத்தில் அதை எட்டி எடுத்துவிட்டேன். கூட இருந்த நைனா, என் அப்பா, என் கையிலேயே ஒன்று போட்டார். "டேய், அது அவனோடது!" என்றார். அந்த மனிதர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான். பிறகு படித்த அறிவியலெல்லாம் அதற்கு மேலே பூசிய வெள்ளை.

ஆறு வாரம் முடிவதற்குள் நான் செஞ்சிக்குப் போக வேண்டியிருந்தது. தங்கை செல்விக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன்தான் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம், எளிதில் கிடைக்காதது. எங்கள் வீட்டில் எனக்கும் அதே. "என் அண்ணன் வந்துடுவான், அவன் குடுப்பான்" என்று அவள் டாக்டரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். இந்த விஷயம் நான் ஊருக்குப் போய் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா வாசலிலேயே சொன்னாள்: "நல்லா சாப்புட்டுத் தூங்குடா. காலைல மாமாவோட திண்டிவனம் போயி ரத்தம் குடுத்துட்டு வந்துடு."

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், கொடுத்துவிடலாம் என்றுதான் பாதி மனம் சொன்னது. ஏறக்குறைய ஆபத்து இல்லை என்று அந்தப் பெண்மணியே சொல்லியிருக்கிறார். ஆனால் ரத்த வங்கியில் சோதித்தாலும் இந்த ஆறு வாரத்துக்குள் தெரியாமல் போகலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். அந்த 'ஏறக்குறைய' செல்வியின் நரம்புக்குள்தான் போகும்.

நம் ஊரில் ரத்தம் கொடுக்க யாரும் தனியாகப் போவதில்லை. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, என்னோடு நாற்காலிவரைக்கும் வந்து தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார். நர்ஸ் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார்; எனக்கு வாய் திறக்கும் வேலையே இல்லை, எல்லாவற்றுக்கும் மாமாவே பதில் சொன்னார்.

"சமீபத்துல மஞ்சக் காமாலை வந்துச்சா?"

"கெடையாதும்மா."

"பச்சை குத்துனது, ஆபரேஷன், ஏதாவது?"

"ஒண்ணும் கெடையாது."

"புதுசா ஆருகூடயாவது தொடர்பு?"

"ஐய, இன்னாம்மா நீ! எங்க வூட்டுப் புள்ளம்மா. பீர் கூடத் தொட மாட்டான். வெள்ளக்காரன் ஊருல இருந்துக்கினு இன்னும் ரசம் வெச்சி சாப்புடுறான்!"

நர்ஸ் சிரித்தார். மாமாவின் கை என் தோளில் பெருமையோடு அழுத்தியது. அந்தக் கையை விலக்கிவிட்டு, ஆமாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் சட்டைக் கையை மடிக்கவும் முடியவில்லை. நர்ஸ் கேட்ட கேள்விகளில் எதற்கு ஆமாம் சொன்னால் ஊர் பொறுத்துக்கொள்ளும் என்று பார்த்தேன்.

"எனக்குக் காமாலை வந்துச்சி சிஸ்டர். போன மாசம்" என்றேன்.

மாமாவின் கை இறங்கிவிட்டது. "இன்னாடா சொல்ற? எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லல?"

நர்ஸ் என் கண்ணை ஒரு முறை பார்த்தார். "அப்ப எடுக்க முடியாது. வேற ஆளப் பாருங்க" என்றார்.

திரும்பும் வழியில் மாமா போனை வைக்கவே இல்லை. கார் தீவனூரைத் தாண்டுவதற்குள் செஞ்சிக்கே என் காமாலை தெரிந்துவிட்டது. செல்வியின் கணவர் முருகன் எங்கெங்கோ விசாரித்து, மேல்சித்தாமூரில் விதைக்கடை வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்தார். அவர் பைக்கிலேயே திண்டிவனம் போய் ரத்தம் கொடுத்தார். ஆபரேஷனில் அந்த ரத்தம் தேவைப்பட்டது. முன்பின் தெரியாத ஒருவருடைய ரத்தம் என் தங்கைக்குள் சொட்டுச்சொட்டாக இறங்குவதைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பெண் குழந்தை. இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள்.

அதற்கப்புறம் என்னுடைய வைத்தியம் ஆரம்பமானது. முருகன் சிங்கவரத்து வரப்பிலிருந்து கீழாநெல்லி பிடுங்கி வந்தார். அம்மா அதை அரைத்து, மோரில் கரைத்து, வெறும் வயிற்றில் குடிக்க வைத்தாள். உப்பில்லை, எண்ணெய் இல்லை. "வெள்ளக்காரனுக்கு இன்னா தெரியும் இந்த மருந்து?" என்பாள். அது வேடிக்கை. வேடிக்கையில்லாதது ஒன்று உண்டு. செல்வியின் நகப்பூச்சை எடுத்து, ஒரு டம்ளரின் அடியில் அம்மா சிவப்பாகப் பொட்டு வைத்தாள்.

"கோச்சுக்காதடா ஐயா. பச்சக் கொழந்த வர்ற வூடு. கொஞ்ச நாளைக்கி இது உன்னோடது" என்றாள்.

அவள் கையிலிருந்து அதை வாங்கினேன். எந்த டம்ளருக்குப் பயந்து பொய் சொன்னேனோ, அது அன்போடு என் கைக்கே வந்து சேர்ந்தது. குழந்தையைத் தூக்க விடவில்லை. செல்வி கட்டிலில் படுத்தபடி அதைத் தூக்கிக் காட்டுவாள். நான் வாசற்படியில் நின்று பார்ப்பேன். "ஒடம்ப ஏண்ணா எங்ககிட்ட மறச்ச?" என்று அவள் கேட்டபோது கண் நிறைந்துவிட்டது. அந்த லாரிக்காரர் ஏன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அந்த வாசற்படியில்தான் எனக்குப் புரிந்தது. புறப்படும்வரை அந்தக் குழந்தையை நான் தொடவில்லை.

லைப்சிக் திரும்பி, ஆறு வாரம் ஆனதும் போய் ரத்தம் கொடுத்தேன். மறுபடியும் ஓர் எண். முடிவு வாங்கப் போனபோது அதே பெண்மணி தாளைப் பார்த்து 'நெகாடிவ்' என்றார். அவரும் நானும் கைகுலுக்கிக்கொண்டோம். இந்த நல்ல செய்தியை முதலில் யாருக்குச் சொல்வீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்கு என்றேன். அம்மாவிடம் சொல்லியிருந்தீர்களா, நல்லது என்றார். இல்லை, சொல்லவில்லை என்றேன். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அதை ஜெர்மனில் விளக்க எனக்குத் தெரியவில்லை; தமிழிலும் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

வெளியே டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்து வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்ததும் அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"கண்ணக் காட்டு. கீழ் ரெப்பைய இழுத்துக் காட்டு."

பக்கத்தில் ஜெர்மன்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இமையை இழுத்துக் காட்டினேன். அம்மா போனுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"வெள்ளவெளேர்னு இருக்குது. செல்வி, அண்ணனுக்கு எறங்கிடுச்சிடி!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. காமாலை இறங்கியதற்கு எவனாவது அழுவானா என்று அவள் சிரித்தாள். செல்வி குழந்தையைக் கொண்டுவந்து திரைக்கு நேராகப் பிடித்தாள். தூக்கம் கலைந்த சின்ன முகம் திரை முழுக்க நிறைந்தது.

"இனிமே நீ தூக்கலாம்டா" என்றாள் அம்மா. "தலைக்கி அடியில கை குடுத்துத் தூக்கு."

எனக்கான டிராம் வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு போனது. நான் போனை, அடியில் ஒரு கை கொடுத்து, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டேன்.