மகனின் சுட்டுவிரல்

என் மகன் அன்ரன் சிட்னியில் பணவண்டிக் காவலாளியாக இருந்தான். வருடத்துக்கு ஒருமுறை துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட்டுத் தேறினால்தான் வேலை நிலைக்கும். போன வருடம் கம்பனி புதிதாய் ஒரு சின்னப் பிஸ்டல் கொடுத்தது. அதன் விசை இழுக்கக் கடும் இறுக்கம். அவனுடைய வலது சுட்டுவிரலில் எட்டு வயதில், ஊரில் சண்டை நேரம், செல் குண்டின் துண்டு பாய்ந்ததால், பலமாக இழுத்தால் கை ஆடிவிடும்.

“விசையை இளக்கித் தரச் சொல்லிக் கேக்கப்போறன் அம்மா. விரலைக் காட்டவேணும்,” என்றான்.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. மன்னாரில் தழும்புள்ள பிள்ளைகளை, இயக்கத்தில் சண்டை பிடித்தவர்கள் என்று ஆமிக்காரர் சோதனைச் சாவடியில் இறக்கிக் கொண்டுபோவார்கள். அந்தக் கையை என் சேலைக்குள் மறைத்தே அவனைக் கடத்தி வந்தவள் நான்.

“காட்டாதை ராசா. இயக்கமோ எண்டு கேப்பாங்கள். திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“இது ஆமிச் செக் பொயின்ற் இல்லையம்மா!” என்று சிரித்தான். நான் அழுதேன். அதனால் அவன் காட்டவில்லை.

சுட்டுக் காட்ட இரண்டு தரம் விட்டார்கள். இரண்டு தரமும் குறி தவறியது. வேலை போய்விட்டது.

பிறகு, பயிற்சி கொடுத்த வெள்ளைக்காரர் அவன் விட்டுவந்த வேலைச் சப்பாத்துச் சோடியைக் கொடுக்க வீட்டுக்கு வந்தார். அன்ரனின் கையிலிருந்து தேத்தண்ணி வாங்கும்போது விரலைக் கண்டுவிட்டார். அதைத் தொட்டு, மெதுவாக ஏதோ சொல்லிப்போட்டுப் போனார்.

“என்னவாம்?”

“முதலே சொல்லியிருந்தால் விசையை இளக்க ஒழுங்கு செய்திருப்பாராம், அம்மா.”

அவன் என்னை ஏசவேயில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன். இப்போதும் மாதா கோயில் பூசையில் ஆளுக்காள் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும்போது எல்லோருக்கும் இடக்கையைத்தான் நீட்டுகிறான். அப்படிப் பழக்கியவள் பக்கத்திலேயே நிற்கிறேன்.